பெரணி மஞ்சளானால் முதலில் எந்த ஓலை என்று பாருங்கள்

தொட்டியில் வளர்க்கும் பெரணி (ஃபெர்ன்) மஞ்சளாகிறது என்று யாராவது சொன்னால், தண்ணீர் எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று நான் உடனே கேட்பதில்லை. மஞ்சளானது வெளிவட்டத்தில் தொங்கும் பழைய ஓலையா, நடுவிலிருந்து சுருள் பிரிந்து வரும் புது ஓலையா என்பதுதான் என் முதல் கேள்வி. பெரும்பாலும் சரியான பதில் வராது. "எல்லாமே மஞ்சளாத்தான் இருக்கு" என்பார்கள். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தால் எல்லாமே மஞ்சளாக இருக்காது. ஏதோ ஒரு வயதுள்ள ஓலைகள், ஏதோ ஒரு பக்கத்தில், ஏதோ ஒரு விதமாக மஞ்சளாகியிருக்கும். வயது, பக்கம், விதம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால் காரணம் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும். அதைப் பார்க்காமல் உரத்தைக் கையில் எடுப்பதால்தான் நம் வீடுகளில் பெரணிகள் சாகின்றன.

நான் இங்கே சொல்வது பாஸ்டன் ஃபெர்ன் பற்றி. சென்னையில் எந்த நர்சரிக்குப் போனாலும் தொங்கும் தொட்டியில் பச்சை நீரூற்று மாதிரி வழிந்துகொண்டிருக்கும் செடி இதுதான். இதன் தாய் இனம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதிகளைச் சேர்ந்தது. மரக்கிளைகளின் இடுக்குகளிலும், ஈரமான காட்டுத்தரையின் இலைச்சருகிலும் வளரும். 1894-இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன பெரணிச் செடிகளில், மற்றவற்றைப் போல விறைப்பாக நிற்காமல் வளைந்து தொங்கிய ஒரு செடி கண்ணில் பட்டது. அதைப் பெருக்கி விற்ற பிறகுதான் இந்தப் பெயர் வந்தது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் வீட்டுக்குள் வளர்த்துப் பழகிய செடி என்பதால் வளர்ப்பது கடினம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சருகு மக்கிய, காற்றோட்டமுள்ள, மழைநீர் மட்டுமே நனைக்கிற இடம் அது. மெல்லிய வேர்கள் மேலாகவே படரும், ஆழத்துக்குப் போகாது. சென்னை அடுக்ககத்தில் இதற்கு நேர்மாறாக நாம் எதையெல்லாம் கொடுக்கிறோம் என்று யோசித்தாலே மஞ்சளின் காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

பழைய ஓலையா புது ஓலையா என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. செடிக்குள் சில சத்துகள் இடம் மாறக்கூடியவை. தழைச்சத்தும் மக்னீசியமும் அந்த வகை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து அவற்றை உருவி, வளரும் நுனிக்கு அனுப்பும். அதனால் கீழே, வெளியே இருக்கிற இலை முதலில் மஞ்சளாகும். இரும்புச் சத்து அப்படி நகராது. ஓர் இலைக்குள் போனது அங்கேயே தங்கிவிடும். இரும்பு கிடைக்கவில்லை என்றால் புதிதாக வரும் ஓலைதான் வெளிறும். எந்த வயது ஓலை மஞ்சளாகிறது என்பது, எந்தச் சத்து இல்லை என்பதைச் செடியே சொல்லும் விதம்.

இதில் முதலில் தள்ளுபடி செய்ய வேண்டியது முதுமை. நன்றாக இருக்கும் பெரணியில்கூட வெளிவட்டத்தின் அடி ஓலைகள் அவ்வப்போது ஒன்றிரண்டாகப் பழுத்து விழும். நடுவில் புதுச் சுருள்கள் வந்துகொண்டிருந்தால் கவலையே வேண்டாம். பழுத்த ஓலையை மண்ணோடு ஒட்டிய இடத்தில் கத்தரித்துவிடுங்கள்.

அடுத்தது புதிதாக வாங்கிய செடி. நம் ஊருக்கு வரும் செடிகளில் ஏராளமானவை ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகின்றன. நிழல்வலைக்குள், எந்நேரமும் ஈரக்காற்றில் வளர்ந்த செடியைக் கொண்டுவந்து ஏசி ஓடும் ஹாலில் வைத்தால், முதல் சில வாரங்களில் பழைய ஓலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அந்த ஓலைகள் அந்த இடத்துக்காக உருவானவை. இனி வரப்போகும் ஓலைகள் உங்கள் வீட்டுக்காக உருவாகும். இந்தக் காலத்தில் தொட்டி மாற்றுவது, உரம் போடுவது, இன்று ஜன்னல் நாளை பால்கனி என்று அலைக்கழிப்பது மூன்றும் கெடுதல். வெளிச்சமான ஒரு நிழலான இடத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, ஈரத்தை மட்டும் கவனித்தால் போதும்.

இனி நிஜமான கோளாறுகளுக்கு வருவோம்.

தண்ணீர் அதிகமானாலும் மஞ்சள், குறைந்தாலும் மஞ்சள் என்பதுதான் எல்லோரையும் குழப்புகிறது. ஆனால் இரண்டும் ஒரே மஞ்சள் இல்லை. தண்ணீர் குறைந்த செடியின் சிற்றிலைகள் முதலில் பச்சையின் பளபளப்பை இழந்து சாம்பல் பூத்தாற்போல ஆகும். பிறகு நுனியிலிருந்து பழுப்பாகிக் காய்ந்து, தொட்டால் சரசரவென்று கொட்டும். தண்ணீர் அதிகமான செடியில் ஓலை முழுவதும் சோர்ந்து தொங்கி, மெத்தென்ற வெளிர் மஞ்சளாகும். சிற்றிலை நொறுங்காது, தொய்ந்து கிடக்கும். ஓலைத் தண்டின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்திருக்கும். லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும்.

சந்தேகம் தீரவில்லையா? தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூளில்) வளரும் செடிக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. நன்றாக நனைத்து, வடியவிட்டு ஒருமுறை தூக்கி, அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதிக் கனத்துக்கு வந்ததும் மறுபடி தண்ணீர். கண்ணை நம்பினால் கோகோபீட் ஏமாற்றிவிடும். மேலே ஒரு விரற்கடை வெளிர்பழுப்பாகக் காய்ந்திருக்கும், அதற்குக் கீழே சொதசொதவென்று இருக்கும். மேலே காய்ந்திருப்பதைப் பார்த்துத் தினமும் ஒரு சொம்பு ஊற்றுவார்கள். அடியில் காற்றே போகாமல் வேர் மூச்சுத் திணறி அழுகும். வேர் அழுகிய செடியால் தண்ணீர் உறிஞ்ச முடியாது, அதனால் வாடும். வாடுவதைப் பார்த்து இன்னும் ஊற்றுவார்கள். பெரணி வளர்க்கிறவர்கள் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஈர மண்ணில் வாடி நிற்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அப்படிப்பட்ட செடியைத் தொட்டியிலிருந்து தட்டி வெளியே எடுத்துப் பாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை, பெரணி இதைத் தாங்கும். வேர் இயல்பிலேயே கருப்பழுப்பாகத்தான் இருக்கும், எனவே நிறத்தை வைத்து முடிவு கட்டாமல் நசுக்கிப் பாருங்கள். உயிருள்ள வேர் கம்பி போல உறுதியாக இருக்கும், அதன் இளநுனி வெளிறியிருக்கும். அழுகிய வேர் விரலில் வழுக்கி, தோல் தனியாகக் கழன்று வரும், சாக்கடை வாடை அடிக்கும். அழுகியதைக் கத்தரித்துவிட்டுப் புதுக்கலவையில், வேர்க்கட்டிக்குச் சற்றே பெரிய தொட்டியில் நடவேண்டும். "வளரட்டும்" என்று பெரிய தொட்டியாகப் பார்த்து வைப்பது தவறு. வேர் எட்டாத மண்ணில் தேங்கும் ஈரம் மறுபடி அழுகலைத்தான் கொண்டுவரும்.

வெளியே எடுக்கும்போது சிலர் வேரில் சின்னச் சின்ன உருளைக்கிழங்கு மாதிரி உருண்டைகளைப் பார்த்துவிட்டு, வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழு வந்துவிட்டது என்று பதறுகிறார்கள். பாஸ்டன் ஃபெர்னுக்கு நெருங்கிய உறவான இன்னொரு பெரணியும் நர்சரிகளில் கலந்து விற்கப்படுகிறது. நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா என்று பெயர். அதன் வேரோடிகளில் நீர் சேமிக்கும் கிழங்குகள் இருக்கும். சதைப்பற்றாக, லேசாக ஒளி ஊடுருவுகிற மாதிரி இருந்தால் அவை கிழங்குகள்தான், நோய் கிடையாது. வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

கலவை பற்றி ஒரு வார்த்தை. செம்மண் மட்டும் நிரப்பிய தொட்டி சில மாதங்களில் இறுகிச் செங்கல்லாகிவிடும், பெரணிக்கு ஆகாது. கோகோபீட், மக்கிய இலை உரம் அல்லது மண்புழு உரம், பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல் அல்லது கழுவிய கரடுமுரடான மணல் என்று கலந்துகொள்ளலாம். கோகோபீட்டை வாங்கியதும் அப்படியே பயன்படுத்துவதுதான் பலரும் கவனிக்காத இடம். தேங்காய் நாரில் இயற்கையாகவே சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கும். உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் இன்னும் அதிகம். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசாமல் தொட்டிக்குள் போடாதீர்கள். முதல் அலசலில் வரும் காப்பிநிறத் தண்ணீரைப் பார்த்தாலே ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

இந்த இடத்தில்தான் நான் அதிகம் பேச விரும்பும் விஷயம் வருகிறது. எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. சென்னையின் பெரும்பகுதியில் வீட்டுப் பெரணி மஞ்சளாவதற்கு அதுதான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் அடுக்ககத்தில் மேல்மாடி அக்கா ஒருவர் மிகுந்த பிரியத்தோடு பெரணி வளர்ப்பவர். தண்ணீர் அளவு சரி, வெளிச்சம் சரி, மாதாமாதம் உரமும் உண்டு. ஆனாலும் புது ஓலைகள் வெளிறி, கிட்டத்தட்ட எலுமிச்சை நிறத்தில் வந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் நரம்பு மட்டும் மெல்லிய பச்சைக் கோடாகத் தெரிந்தது. பழைய ஓலைகள் பச்சையாகத்தான் இருந்தன, ஓரம் மட்டும் கருகியிருந்தது.

"எந்தத் தண்ணி அக்கா ஊத்தறீங்க?"

"சாஃப்ட்னர் தண்ணிதான் தம்பி. சோப்பு நல்லா நுரைக்குது, அதனால செடிக்கும் நல்லதுன்னு நெனச்சேன்."

இது பல வீடுகளில் நடக்கிறது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். அடுக்ககங்களில் போர் தண்ணீருக்கு வைக்கும் சாஃப்ட்னர், தண்ணீரிலிருந்து உப்பை எடுப்பதில்லை. கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. அதற்காகத்தான் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிக் கொட்டுகிறார்கள். சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் எண் ஏறக்குறைய அதேதான் இருக்கும். குழாயில் வெள்ளைப் படிவு வராது, சோப்பு நுரைக்கும். ஆனால் செடிக்குத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் போய், தேவையில்லாத சோடியம் வந்திருக்கும். தண்ணீரின் காரத்தன்மைக்குக் காரணமான பைகார்பனேட்டும் குறையாமல் அப்படியே இருக்கும். ஆகக் குளிப்பதற்கு நல்ல தண்ணீர், பெரணிக்கு மோசமான தண்ணீர்.

இன்னொரு பழக்கம், ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே விடும் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுவது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல மனதோடு செய்கிறார்கள். அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆர்.ஓ. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் திரண்டிருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்பு, வேறு வழியே இல்லாத இடங்களில் 2000 வரை. உங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே 1000-ஐத் தாண்டியது என்றால், கழிவாக வருவது அதற்கும் மேல். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பெரணிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

உப்பு எப்படி மஞ்சளாக மாறுகிறது? இரண்டு வழி. ஒன்று, தொட்டியில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேர்ந்து சேர்ந்து, வேரைச் சுற்றியுள்ள நீர் செடியின் உள்ளிருக்கும் நீரைவிட உப்பாகி, வேர் உறிஞ்சத் திணறும். மண் ஈரமாக இருக்கும்போதே ஓரங்கள் கருகுவது இதனால்தான். தொட்டி விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் வேறு சாட்சியே வேண்டாம். இரண்டாவது வழி மெதுவானது. பைகார்பனேட் நிறைந்த தண்ணீர் மண்கலவையை மெல்ல மெல்லக் காரமாக்கும். கார மண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாது, வேருக்குக் கிடைக்காது. இரும்பில்லாமல் பச்சையம் உருவாகாது. புது ஓலை நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக வருவது அதனால்தான். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலைப் பயிர் மஞ்சளாகிறதே, விவசாயிகள் இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கிறார்களே, அதே கோளாறுதான் நம் பால்கனித் தொட்டியிலும் நடக்கிறது.

எல்லாப் பெரணிக்கும் காரம் ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ப் பழைய கிணறுகளின் உட்சுவரில், சுண்ணாம்புக் காரை பெயர்ந்த இடுக்குகளில் செழிப்பாகத் தொங்கும் பெரணிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில இனங்களுக்குச் சுண்ணாம்பு பிடித்தமானது. கிணற்றுப் பெரணிக்குப் பொருந்துவது பாஸ்டன் பெரணிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

தண்ணீரை இரவு முழுக்க வாளியில் வைத்து மறுநாள் ஊற்றினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. குளோரின் ஓரளவு வெளியேறும், உண்மைதான். உப்பும் பைகார்பனேட்டும் அப்படி வெளியேறாது.

சரி, நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று மழை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, கட்டடங்களில் குழாய்கள் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் நிலத்துக்குப் போகட்டும். நமக்கு மொட்டைமாடியில் ஒரு பீப்பாய் போதும். முதல் மழை மாடித் தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும், அதற்கு அடுத்த மழையைப் பிடித்து இருட்டாக மூடி வைத்தால் கொசுவும் பாசியும் வராது. மற்றொன்று ஏசி. காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அந்தத் தண்ணீரில் உப்பே இருக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவில் பாதி வாளி எளிதாகச் சேரும். ஏசியை ரசாயனம் போட்டுச் சுத்தம் செய்திருந்தால் மட்டும் சில நாள் விட்டுவிட்டுப் பிடியுங்கள். ஏசித் தண்ணீரில் கால்சியமும் கிடையாது, ஆகவே மாதத்தில் சில முறை மெட்ரோ தண்ணீரோ நல்ல குழாய்த் தண்ணீரோ கலந்து ஊற்றினால் போதும்.

ஏற்கெனவே உப்பேறிய தொட்டியை அலச வேண்டும். தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு மழைநீரோ ஏசித் தண்ணீரோ எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, முழுவதும் அடியில் வடிந்து போகும்படி ஊற்றுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதை விட்டுவைத்தால் உப்பு மறுபடி மேலேறும். வெள்ளைப் பூப்பு பூத்த மேல்மண்ணை ஒரு விரற்கடை சுரண்டி எறிந்துவிட்டு மண்புழு உரம் போடலாம்.

இரும்புக்கு உரக்கடையில் கிலேட் வடிவில், அதாவது இரும்பை மண் பிடித்துக்கொள்ளாதபடி ஒரு சேர்மத்தோடு பிணைத்த வடிவில், தூள் கிடைக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாக்கெட்டில் இ.டி.டி.ஏ. என்று இருந்தால் அது கார மண்ணில் நிலைக்காது, இரும்பு மறுபடி பிடிபட்டுவிடும். இ.டி.டி.ஹெச்.ஏ. என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். கரைத்தால் தண்ணீர் அடர்சிவப்பாகும். அதுதான் கார மண்ணிலும் வேர்வரை இரும்பைக் கொண்டுபோகும். பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி போதும், மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள், ஓலையில் பட்டால் கறைபடும். ஆனால் தண்ணீரை மாற்றாமல் இரும்பு மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேல்மாடி அக்கா தண்ணீரை ஏசி வாளிக்கு மாற்றி, மண்ணை அலசியதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்து வந்த சுருள்கள் பச்சையாகவே வந்தன. இரும்புத் தூள் வாங்க வேண்டியிருக்கவில்லை.

வெளிச்சமும் காற்றும் அடுத்தபடி. நேர்வெயில் பட்ட ஓலை வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுக்கும், மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கிழக்குப் பக்கத்து இளவெயில் பரவாயில்லை, மேற்கு ஜன்னல் வேண்டவே வேண்டாம். இருட்டு மூலையில் வைத்த செடி மஞ்சளாவதைவிட அதிகமாக மெலியும், ஓலைகள் நீண்டு இடைவெளி விட்டு நிற்கும். நம் ஊர்க் காற்றில் பொதுவாக ஈரம் உண்டு, அந்த வகையில் கடலோரத்தில் இருப்பது பெரணிக்குக் கொடுப்பினை. ஆனால் ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து அனல்காற்று அடித்து, கடற்காற்று பிற்பகல்வரை வராத நாட்களில் பால்கனிப் பெரணியைச் சுவர் மறைவுக்கு நகர்த்தியே ஆக வேண்டும். ஏசி காற்று நேராகப் படும் இடமும் அதே மாதிரிதான். வறண்ட காற்றால் வருவது பெரும்பாலும் நுனிப் பழுப்பு, மஞ்சள் பிறகுதான்.

ஓலைமேல் தண்ணீர் பீய்ச்சுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சில நிமிடங்களில் காய்ந்துவிடும், போர் தண்ணீராக இருந்தால் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். நான்கைந்து செடிகளைக் கூட்டமாக வைப்பது அதைவிட நல்லது. வெளிச்சம் வரும் ஜன்னலுள்ள குளியலறை இருந்தால் அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் நிலக்கரிப் புகையால் பெரணிகள் செத்துக்கொண்டிருந்தபோது, நத்தானியல் வார்டு என்ற மருத்துவர் 1829-இல் வேறு எதற்கோ மூடி வைத்த கண்ணாடிச் சீசாவுக்குள் ஒரு பெரணி தானாக முளைத்து நன்றாக வளர்வதைக் கண்டார். அதிலிருந்து அவர் செய்த மூடிய கண்ணாடிப் பெட்டிகள் பிறகு கப்பல்களில் கண்டம்விட்டுக் கண்டம் செடிகளைக் கொண்டுசென்றன. பெரணிக்குக் காற்றின் ஈரமும் சுத்தமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பூச்சிகளைப் பற்றிச் சொல்லும் முன் ஒரு வேண்டுகோள். ஓலையின் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் மருந்தடித்துவிடாதீர்கள். சிற்றிலையின் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும், ஓரத்தை ஒட்டி, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வரிசையாக இருந்தால் அவை பெரணியின் ஸ்போர் பைகள். பூக்காத இந்தச் செடி இனம் பெருக்கும் வழி அது. செதில் பூச்சிக்கு அந்த ஒழுங்கு இருக்காது. தண்டிலும் நடுநரம்பிலும் அங்கொன்று இங்கொன்றாக ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும், கீழே இருக்கும் இலையில் பிசுபிசுப்பு இருக்கும், எறும்பு வரும். மாவுப்பூச்சி ஓலைகளின் அடித்தூரில் பஞ்சு போல ஒளிந்திருக்கும். ஓலை முழுக்க ஊசிமுனைப் புள்ளிகளாக வெளிறி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்திப் பேன். ஏசி அறையின் வறண்ட காற்றில்தான் அது பெருகும்.

மோசமான ஓலைகளை வெட்டி எறிவதும், செடியைத் தலைகீழாகச் சாய்த்துக் குழாய்த் தண்ணீரில் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுவதும்தான் முதல் மருந்து. சில நாள் இடைவெளியில் திரும்பச் செய்தால் பாதிக்கு மேல் போய்விடும். பெரணியின் இலை மிக மென்மையானது. ரோஜாவுக்கு அடிக்கும் வேப்பெண்ணெய்க் கரைசலும் சோப்புத் தண்ணீரும் இதன் ஓலையைக் கருக்கிவிடக்கூடும். அடித்தே ஆகவேண்டுமென்றால் பாதி அடர்த்தியில் ஓர் ஓலையில் மட்டும் அடித்து, சில நாள் பார்த்துவிட்டு, மாலை நேரத்தில் மற்றவற்றுக்கு அடியுங்கள்.

உரத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான். பழைய ஓலைகள் நரம்பு உட்பட ஒரே சீராக வெளிர்மஞ்சளாகி, புது ஓலைகள் சின்னச் சின்னதாக வந்து, வேர் நன்றாக இருந்து, ஒரு வருடத்துக்கு மேல் தொட்டியில் எதுவும் போடவில்லை என்றால் அது தழைச்சத்துக் குறை. இந்த நான்கும் சேர்ந்திருந்தால் மட்டுமே உரம். மண்புழு உரம் ஒரு கைப்பிடி, அல்லது தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகக் கரைத்து, மண் ஈரமாக இருக்கும்போது. எப்சம் உப்பை எல்லா மஞ்சளுக்கும் மருந்தாகச் சொல்வதை எங்கும் கேட்கிறேன். அது மக்னீசியம் சல்ஃபேட். பழைய ஓலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் உதவும். சாஃப்ட்னர் தண்ணீரில் வளர்ந்த செடிக்கு அப்படி நேரவும் கூடும். மற்ற மஞ்சளுக்கு அதைப் போடுவது உப்பேறிய மண்ணில் மேலும் ஓர் உப்பைச் சேர்ப்பதுதான். வேர் அழுகிய செடிக்கு எந்த உரமும் கூடாது.

சிகிச்சை செய்தபின் என்ன எதிர்பார்க்கலாம்? முழுதாக மஞ்சளான ஓலை திரும்பப் பச்சையாகாது. இரும்புக் குறையால் லேசாக வெளிறியவை மட்டும் ஓரளவு தேறும். எனவே பழைய ஓலையைப் பார்த்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள், நடுவில் வரும் சுருள்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் மஞ்சளானதை வெட்டலாம். பாதிப் பச்சையாக இருப்பதை விட்டுவையுங்கள், செடிக்கு அது இன்னும் உணவு செய்துகொண்டிருக்கிறது. தொட்டி மாற்றுவதையும் கூறுபோடுவதையும் கத்திரி வெயிலில் செய்யாதீர்கள். செப்டம்பர் மழைக்குப் பிறகோ, பொங்கலுக்குப் பிந்திய வாரங்களிலோ செய்தால் செடி சீக்கிரம் நிலைகொள்ளும்.

சில செடிகள் பிழைக்காது. நடுத்தூரை விரலால் அழுத்தும்போது மெத்தென்று உள்ளே போனால், சுருள்கள் விரியாமலேயே கறுத்தால், அந்தத் தூர் முடிந்துவிட்டது. அப்போதும் தொட்டியை உடனே கவிழ்க்க வேண்டாம். தூரிலிருந்து இலையில்லாத, பச்சை நூல் மாதிரியான ஓடுகொடிகள் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஏதாவது ஒன்று மண்ணைத் தொட்ட இடத்தில் சின்னதாக ஒரு கன்று பிடித்திருக்கும். வேரோடு அதைப் பெயர்த்து, அலசிய கோகோபீட்டில், கையகலத் தொட்டியில் நடுங்கள். மழைநீர் மட்டும் ஊற்றி, மேலே ஒரு கண்ணாடி ஜாடியையோ துளையிட்ட பிளாஸ்டிக் பையையோ கவிழ்த்து, நிழலில் வையுங்கள். இரண்டு புது ஓலை வந்த பிறகு மூடியைத் தினமும் கொஞ்ச நேரமாகத் திறந்து பழக்கினால் போதும். உரம் அடுத்த மழைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.